பழைய ஸ்னோ ப்ளோ டிரக் வாங்கி ஓட்டுவது எப்படி: செவர்லே கே20, கே30

பனி அதிகம் விழும் ஊரில் நீளமான டிரைவ்வே உள்ள வீட்டுக்குக் குடிபோகிறவர்களுக்கு முதல் குளிர்காலம் முடிவதற்குள் இந்த ஆசை வந்துவிடும். ஒன்டாரியோவின் பேரி, சட்பரி பக்கமானாலும் சரி, மிச்சிகன், வெர்மான்ட், நியூயார்க் மாநிலத்தின் வடபகுதி என்றாலும் சரி, முன்னால் பனி தள்ளும் மஞ்சள் பிளேடு (இதுதான் ‘ப்ளோ’) மாட்டிய பழைய பிக்கப் ஒன்று ‘விற்பனைக்கு’ அட்டையோடு சாலையோரம் நிற்கும். வாங்கலாம். எஞ்சின் சத்தத்தைக் கேட்டு மயங்கி மட்டும் வாங்காதீர்கள். இந்த வண்டிகளின் ஆயுளை முடிப்பவை சாலை உப்பும் முன்னால் தொங்கும் பளுவும்தான். எஞ்சின் போனால் வேறு எஞ்சின் கிடைக்கும். சேசிஸ் அரித்துப்போன வண்டியில் போடும் காசு எதுவும் திரும்பி வராது.

எந்த டிரக்

பனி வேலைக்கென்றே வந்த பழைய வண்டிகள் பல உண்டு. டாட்ஜ் நிறுவனம் ‘ஸ்னோ கமாண்டர்’ என்ற பெயரில் ப்ளோவோடு சேர்த்தே பிக்கப் விற்றது. ஆஷ்காஷ், வால்ட்டர் போன்ற பெரிய முனிசிபாலிட்டி டிரக்குகளும் ஏலத்தில் வரும். பார்க்கக் கம்பீரமாக இருக்கும், ஆனால் பாகம் தேடி அலைய வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஏற்றவை 1973 முதல் 1987 வரை வந்த செவர்லே, ஜிஎம்சி கே வரிசைதான். ‘ஸ்குவேர்பாடி’ என்று கேட்டால் எந்தப் பழைய மெக்கானிக்கும் புரிந்துகொள்வார். முன்னும் பின்னும் திடமான ஆக்சில், நான்கு மூலையிலும் பட்டை ஸ்பிரிங், பெரும்பாலும் 350 கன அங்குல வி8 பெட்ரோல் எஞ்சின். பாடி தகடு முதல் கதவு ரப்பர் வரை புதிதாகவே கிடைக்கிறது. 1988இல் வந்த அடுத்த வடிவத்தில் முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷனாக, டார்ஷன் பாரோடு (முறுக்குக் கம்பி ஸ்பிரிங்) மாறியது. பிளேடின் பளுவுக்குப் பழைய திட ஆக்சிலே மேல்.

கே10 என்றால் அரை டன் சுமை வகை. அதில் ப்ளோ மாட்டியிருந்தால் விட்டுவிடுங்கள். கே20 முக்கால் டன், கே30 ஒரு டன். 1987இல் இவற்றின் பெயர் வி20, வி30 என்று மாறியது. கே30இன் முன்னால் டேனா 60 ஆக்சில் இருக்கும், அதில் சக்கரம் திரும்பும் இடத்தில் பால் ஜாயின்ட்டுக்குப் பதில் கிங்பின் என்ற தடித்த முளை. கே20இல் பழையவற்றுக்கு டேனா 44, பிறகு வந்தவற்றுக்குச் செவர்லேயின் தாய் நிறுவனமான ஜிஎம்மின் 10 போல்ட் ஆக்சில். வீட்டு டிரைவ்வேக்கும் அக்கம்பக்கத்து இரண்டு மூன்று வீடுகளுக்கும் கே20 தாராளம். கே30 விலை கூடுதல், காரணம் அந்த டேனா 60க்காகவே அதைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

பின் ஆக்சிலைப் பார்க்க ஒரு நொடி போதும். சக்கரத்தின் நடுவிலிருந்து தடித்த ஹப் வெளியே துருத்திக்கொண்டு, அதன் முகத்தில் 8 போல்ட் இருந்தால் அது 14 போல்ட் ஃபுல் ஃப்ளோட்டர். வண்டியின் எடையை ஹவுசிங்கே தாங்கும், ஆக்சில் ராடு சக்கரத்தைச் சுற்ற மட்டும்தான். ராடு முறிந்தாலும் சக்கரம் கழன்று போகாது. ஹப் துருத்தவில்லை என்றால் செமி ஃப்ளோட்டர், லேசான வகை. பேரம் பேச அது ஒரு காரணம்.

எஞ்சின் விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸில் மூன்று வகை வரும். என்பி205 முழுக்க இரும்பு, உள்ளே வெறும் பல்சக்கரம், செயின் கிடையாது. கிடைத்தால் இதுவே முதல் தேர்வு. என்பி208 அலுமினிய உடல், செயின். 1981 முதல் கே20இல் வந்தது. எண்ணெய் சரியாக இருந்தால் உழைக்கும், லோ ரேஞ்ச் (மெதுவாக, அதிக இழுவிசையோடு ஓடும் நிலை) இன்னும் தாழ்ந்தது (விகிதம் 2.61, 205இல் 1.96). என்பி203 எப்போதும் நான்கு சக்கரமும் ஓடும் வகை, 1979 வரை ஆட்டோமேட்டிக் கியரோடு வந்தது. லீவர் குமிழில் ‘லாக்’ என்று இரண்டு இடத்தில் எழுதியிருந்தால் அதுதான். பெட்ரோல் குடிக்கும், செயின் தளரும். தவிர்ப்பது நல்லது.

கியரில் எஸ்எம்465 என்ற நான்கு கியர் மேனுவல் சாகாவரம் பெற்றது. முதல் கியர் 6.55, நடக்கும் வேகத்தில் தள்ளலாம். ஆனால் ப்ளோ வேலை என்பதே முன்னே ஒரு முறை, பின்னே ஒரு முறை என்று நூறு தடவை கியர் மாற்றுவது. கிளட்ச் மிதித்து இடது முழங்கால் ஓய்ந்துவிடும். நிறைய இடம் தள்ளுவதாக இருந்தால் டிஹெச்400 ஆட்டோமேட்டிக் வண்டியைத் தேடுங்கள்.

க்ளவ் பாக்ஸ் மூடியின் உட்புறத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், தொழிற்சாலையில் போட்ட பாகங்களின் குறியீடு அதில் வரிசையாக அச்சாகியிருக்கும். எஃப்60 என்றால் கனமான முன் ஸ்பிரிங். ஜி80 என்றால் பின்னால் லாக்கிங் டிஃபரன்ஷியல், ஒரு சக்கரம் வழுக்கினால் இரண்டையும் சேர்த்துச் சுற்றும். ஜிடி5 என்றால் ஆக்சிலின் கிரவுன் பல்சக்கர விகிதம் 4.10, ஹெச்சி4 என்றால் 4.56. இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் அந்த வண்டியை யாரோ வேலை தெரிந்து ஆர்டர் செய்திருக்கிறார்.

வாங்கும் முன்: கீழே படுத்துப் பாருங்கள்

ஒரு டார்ச், ஒரு சுத்தியல், ஒரு தடித்த ஸ்க்ரூடிரைவர், படுக்க ஒரு அட்டை. இவை இல்லாமல் போகாதீர்கள். பகலில் போங்கள். வண்டிக்கு அடியில் புதிதாகக் கறுப்பு பெயின்ட் அடித்திருந்தால் சந்தேகம் இரட்டிப்பாகட்டும்.

முதலில் ஸ்டியரிங் பாக்ஸ். டிரைவர் பக்கம் சேசிஸின் வெளிப்புறத்தில், முன் ஆக்சிலுக்குச் சற்று முன்னால் மாட்டியிருக்கும். அதைத் தாங்கும் போல்ட் துளைகளைச் சுற்றிச் சேசிஸ் கீறல் விடுவது இந்த வண்டியின் பிறவி வியாதி. பெரிய டயரும் ப்ளோவும் சேர்ந்தால் சீக்கிரமே வரும். கம்பித் தூரிகையால் அழுக்கைத் தேய்த்துவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு, ஒருவரை ஸ்டியரிங்கை இடமும் வலமும் திருப்பச் சொல்லிக் கவனியுங்கள். பாக்ஸோடு சேர்ந்து சேசிஸ் தகடும் மூச்சு விடுவதுபோல் அசைந்தால் கீறல் இருக்கிறது. இதற்கென்றே வெட்டித் தயாரித்த தகடுகள் கடையில் உண்டு. கீறலின் முனையில் சிறு துளை போட்டு அது மேலும் ஓடாமல் நிறுத்தி, கீறலை வெல்டிங்கில் நிரப்பி, மேலே தகடு பற்றவைப்பது சரியான வழி. மேலே தகடு மட்டும் ஒட்டியிருந்தால் உள்ளே கீறல் வளர்ந்துகொண்டேதான் இருக்கும்.

அடுத்து ஸ்பிரிங் மாட்டும் ஹேங்கர்களும் ஷேக்கிள்களும். பின்பக்கத்தில் பட்டைகளுக்கு நடுவே துரு தடித்துப் புடைத்திருக்கும். சேசிஸை முன்னிருந்து பின்வரை ஒவ்வொரு சாணுக்கும் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், அரித்த இடம் மொத்தென்று சத்தம் போடும். ஸ்க்ரூடிரைவர் முனை உள்ளே இறங்கினால் எழுந்து கைகழுவிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம்.

கேபின் மூலைகள், கதவுக்குக் கீழான ராக்கர் தகடு, பெடலுக்கு அடியில் தரைத் தகடு ஆகிய மூன்றும் ஓட்டை விழாத வண்டி வடக்கில் அபூர்வம். அவை அழகுக் கேடுதான், மாற்றுத் தகடு மலிவு. ஒரு விஷயத்தில் மட்டும் அலட்சியம் கூடாது: தரையில் ஓட்டையும் சைலன்சரில் ஒழுக்கும் சேர்ந்தால் கார்பன் மோனாக்ஸைடு கேபினுக்குள் ஏறும். பனிக் குவியலில் பின்குழாய் அடைபட்டு நின்றாலும் அப்படித்தான். வாங்கிய அன்றே பேட்டரியில் ஓடும் சிஓ அலாரம் ஒன்றை டேஷ்போர்டில் வையுங்கள்.

ரேடியேட்டரைத் தாங்கும் முன் சட்டத்தின் மவுன்ட்டுகளும் அரிக்கும். சட்டம் கீழே இறங்கினால் ஃபேன் அதன் கூண்டில் உரசும். முன் ஸ்பிரிங் தொய்வை ப்ளோவைத் தூக்கிய நிலையில் பாருங்கள். ஆக்சிலுக்கும் மேலே உள்ள ரப்பர் பம்ப் ஸ்டாப்புக்கும் நடுவே இரண்டு விரல்கூட நுழையாவிட்டால் ஸ்பிரிங் செத்துவிட்டது.

ஓட்டிப் பார்க்கும்போது காய்ந்த தார்ச்சாலையில் ஃபோர்-வீலைப் போடாதீர்கள். மண்ணிலோ பனியிலோ போட்டு மெல்ல எட்டுப் போடுங்கள். ஸ்டியரிங் முழுக்கத் திரும்பிய நிலையில் முன்னால் ‘டக் டக்’ என்றால் ஆக்சில் கிராஸ் ஜாயின்ட். அது பெரிய செலவில்லை. லோ ரேஞ்சில் பல்லைக் கடிக்கும் சத்தம் வந்தால் செலவுதான்.

காகித வேலை

ஒன்டாரியோவில் பழைய வண்டியை உங்கள் பெயரில் மாற்றி ஓட்ட, சேஃப்டி ஸ்டாண்டர்ட்ஸ் சான்றிதழ் வேண்டும். கொடுத்த நாளிலிருந்து 36 நாள்தான் செல்லும். சேசிஸில் ஓட்டை இருந்தால் கிடைக்காது. அமெரிக்காவில் வாங்கிக் கனடாவுக்குக் கொண்டுவருவதாக இருந்தால், 15 ஆண்டு தாண்டிய வண்டிக்கு ஆர்ஐவி என்ற இறக்குமதி வண்டிப் பதிவு முறையிலிருந்து விலக்கு உண்டு. பணம் வாங்கிக்கொண்டு அடுத்தவர் டிரைவ்வேயைத் தள்ளினால் சாதாரண இன்சூரன்ஸ் செல்லாது, கமர்ஷியல் பாலிசி எடுக்க வேண்டும். உங்கள் பனியைச் சாலைக்குக் குறுக்கே தள்ளி எதிர்ப்பக்கம் விடுவதும் ஒன்டாரியோ சட்டப்படி குற்றம். அனுமதியில்லாமல் சாலையில் பனி கொட்டக் கூடாது.

வாங்கிய முதல் வாரம்

எண்ணெய்கள் எல்லாவற்றையும் மாற்றுங்கள். முன்னால் இருந்தவர் மாற்றினேன் என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டு தலையாட்டிவிட்டு, மாற்றுங்கள். 350 எஞ்சினுக்கு ஃபில்டரோடு சேர்த்து 5 குவார்ட், அதாவது சுமார் 4.7 லிட்டர். இதன் டேப்பட் தட்டையான வகை என்பதால் துத்தநாகம் கூடுதலாக உள்ள 10டபிள்யூ-30 நல்லது. மைனஸ் 20க்குக் கீழே போகும் ஊரில் 5டபிள்யூ வகை. எஸ்எம்465க்கு 80டபிள்யூ-90, சுமார் 3.8 லிட்டர். பித்தளை சிங்க்ரோ வளையங்களை அரிக்காத ஜிஎல்-4 வகையாகப் பாருங்கள். என்பி205க்கும் கியர் ஆயில்தான். என்பி208க்கு மட்டும் ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் எண்ணெய். இரண்டையும் மாற்றி ஊற்றிக் கேஸைக் கெடுத்தவர்கள் ஏராளம், குழப்பமாக இருந்தால் முதலில் உடல் இரும்பா அலுமினியமா என்று பாருங்கள். ஆக்சில்களுக்கு நிரப்பும் துளையின் கீழ் விளிம்பு வரை. ஒரு எச்சரிக்கை: நிரப்பும் மூடி கழல்கிறதா என்று உறுதிசெய்த பிறகே வடிக்கும் மூடியைக் கழற்றுங்கள். துருவேறிய வண்டியில் இந்த வரிசை மாறினால் எண்ணெயில்லா ஆக்சிலோடு நிற்க வேண்டியதுதான்.

கூலன்ட் சுமார் 16 லிட்டர் பிடிக்கும். பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. பிளாக் ஹீட்டர் (எஞ்சினைச் சூடாக்கும் மின்கருவி) இல்லையென்றால் கூலன்டை வடித்திருக்கும் இந்த நேரத்திலேயே ஒன்றைப் பொருத்திவிடுங்கள்.

பிரேக் பைப்பை நம்பவே நம்பாதீர்கள். மேலே பார்க்க நன்றாக இருக்கும், சேசிஸோடு பிடித்துவைத்திருக்கும் கிளிப்புக்கு அடியில் உப்புச் சேறு தங்கி மெலிந்திருக்கும். அவசரமாக மிதிக்கும் அன்றைக்குத்தான் வெடிக்கும். தாமிர-நிக்கல் கலவைப் பைப் ரோலாகக் கிடைக்கிறது. துருப்பிடிக்காது, கையாலேயே வளைக்கலாம். முனைகளை இரட்டை ஃப்ளேர் செய்ய வேண்டும், ஒற்றை ஃப்ளேர் அழுத்தம் தாங்காது. பழைய நட்டுகள் உருண்டுபோகும் என்பதால் புது நட்டுகளும் சேர்த்து வாங்குங்கள். காற்று எடுக்கும் வரிசை: வலது பின், இடது பின், வலது முன், இடது முன். எரிபொருள் பைப்பும் அதே வயதுதான் என்பதை மறக்க வேண்டாம். இந்த வண்டிகளின் டேங்குகள் சேசிஸுக்கு வெளியே பக்கவாட்டில் தொங்குகின்றன, இரண்டு டேங்க் வண்டியில் நடுவே மாற்றும் வால்வு ஒன்றும் உண்டு. அதிலும் ஒழுக்குப் பாருங்கள்.

முன் ஹப் வேலை (டேனா 44, 10 போல்ட்)

ப்ளோ வண்டியில் முன் வீல் பேரிங் தூக்குவது சாதாரண பிக்கப் தூக்காத எடை. வருடம் ஒருமுறை பிரித்துக் கிரீஸ் வைக்க வேண்டும். தேவைப்படுபவை: நான்கு பல் உள்ள ஸ்பிண்டில் நட் சாக்கெட், டார்க் ரெஞ்ச், ஸ்நாப் ரிங் இடுக்கி, இரண்டு கிரீஸ் சீல், வீல் பேரிங் கிரீஸ். வரிசை முக்கியம் என்பதால் எண் போட்டே சொல்கிறோம்:

1. வண்டியை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சக்கரம், காலிப்பர் கழற்றி, காலிப்பரைக் கம்பியால் தொங்கவிடுங்கள், ஹோஸில் தொங்கவிடாதீர்கள்.
2. லாக்கிங் ஹப்பின் (சக்கரத்தை ஆக்சில் ராடோடு இணைக்கும் பூட்டு) மூடி, ஸ்நாப் ரிங், உள் பாகங்கள் வந்த வரிசையிலேயே துணியில் பரப்புங்கள்.
3. வெளி நட், ஓட்டை போட்ட லாக் வளையம், உள் நட் ஆகியவற்றைக் கழற்றுங்கள். உள் நட்டில் ஒரு சின்ன ஊசி நீட்டிக்கொண்டிருக்கும், அது வளையத்தின் ஓட்டையில் உட்கார வேண்டும். திரும்ப மாட்டும்போது ஊசி வெளிப்புறம் பார்த்திருக்கட்டும்.
4. டிஸ்க்கை இழுத்து, பேரிங்குகளைக் கழுவி, நீலம் பாய்ந்தோ குழி விழுந்தோ இருந்தால் வெளிவளையத்தோடு சேர்த்து மாற்றுங்கள்.
5. ஸ்பிண்டிலையும் கழற்றுங்கள். அதன் பின்புறத்தில் சிறிய ஊசி பேரிங் ஒன்று இருக்கிறது. பலரும் இதைத் தொடுவதே இல்லை, பிறகு ஆக்சில் ராடு தேய்ந்து போனது ஏன் என்று கேட்பார்கள்.
6. மாட்டும்போது டிஸ்க்கைச் சுற்றிக்கொண்டே உள் நட்டை 50 அடி-பவுண்டு (68 நியூட்டன் மீட்டர்) இறுக்கி, முழுதும் தளர்த்தி, மறுபடி 35க்கு (47) இறுக்கி, பிறகு 3/8 சுற்றைத் தாண்டாமல் பின்னால் விடுங்கள். ஊசி ஓட்டையில் உட்கார்ந்ததும் வெளி நட்டை உங்கள் ஆண்டுக்கான சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள்.

1980களின் சில வண்டிகளில் ஆட்டோமேட்டிக் லாக்கிங் ஹப் வந்தது. முன்னே பின்னே மாறி மாறி ஓடும் ப்ளோ வேலைக்கு அது ஒத்துவராது, திசை மாறும் ஒவ்வொரு முறையும் விட்டுப் பிடிக்கும். கையால் திருப்பும் ஹப்பாக மாற்றுங்கள்.

ப்ளோவும் அதன் ஹைட்ராலிக்கும்

இந்த வண்டிகளில் மேயர், வெஸ்டர்ன், ஃபிஷர் மூன்றும் அடிக்கடி வரும். அகலம் பெரும்பாலும் 7½ அடி அல்லது 8 அடி. மேயர், வெஸ்டர்னில் கல்லில் இடித்தால் பிளேடு முழுவதும் முன்னால் கவிழும். ஃபிஷரில் அடி விளிம்பு மட்டும் பின்னால் மடியும். ஜல்லிப் பாதைக்கு எதுவும் சரி. வெடிப்பும் மேடுமான தார்ப் பாதையில் ஆழமான பனியைத் தள்ளும்போது ஃபிஷர் வகையின் அருமை தெரியும், இடித்தாலும் முன்னால் குவிந்த பனி சிந்தாது.

பழைய வண்டிகளில் அதிகம் பார்ப்பது மேயரின் இ-47 பம்ப், கிரில்லுக்கு முன்னால் நேராக நிற்கும் உருளை. இதில் மூன்று மின்வால்வு. ஏ வால்வு (கறுப்பு வயர்) பிளேடை இறக்கும். பி வால்வு (சிவப்பு) மோட்டாரோடு சேர்ந்து தூக்கும். சி வால்வு (பச்சை) மோட்டாரோடு சேர்ந்து இடப்பக்கம் திருப்பும். வலப்பக்கம் திருப்ப மோட்டார் ஓடினாலே போதும். இந்தக் கணக்கு மனதில் இருந்தால் பாதிக் கோளாறுகளைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம். தூக்கச் சொன்னால் வலது பக்கம் திரும்புகிறதா? பி வால்வு திறக்கவில்லை. இடது சொன்னால் வலது போகிறதா? சி. தூக்கியது இறங்கவே மாட்டேன் என்கிறதா? ஏ. காயிலுக்குக் கரன்ட் வருகிறதா என்று பார்க்க, சுவிட்சைப் பிடித்துக்கொண்டு காயிலின் நட்டு அருகே ஸ்க்ரூடிரைவரை நீட்டினால் போதும், வந்தால் காந்தமாக இழுக்கும். காந்தம் இருந்தும் வேலை செய்யாவிட்டால் வால்வுக்குள் அழுக்கு. காந்தம் இல்லாவிட்டால் வயர், பின்புறத்துப் பிளக், எர்த் என்று தேடுங்கள். அனேகமாகப் பிளக்கில் பச்சை பூத்திருக்கும்.

மோட்டார் முனகிக்கொண்டு மெல்லத் தூக்கினால் பம்ப்பைத் திட்டாதீர்கள், பேட்டரியைப் பாருங்கள். மோட்டார் வேகமாக ஓடியும் ஒன்றும் அசையாவிட்டால் எண்ணெய் குறைவு, அல்லது உள்ளே உள்ள வலை அடைப்பு. மைனஸ் 15இல் மட்டும் வேலை செய்யாமல், மத்தியானம் சரியாகிவிட்டால் எண்ணெயில் தண்ணீர் கலந்து உறைகிறது. வடித்துப் பார்த்தால் பால்போல் வெளுத்திருக்கும்.

எண்ணெயை வருடம் ஒருமுறை, பனிக்காலம் முடிந்ததும் மாற்றுங்கள். ப்ளோவுக்கென விற்கும் கடுங்குளிர் ஹைட்ராலிக் எண்ணெய்தான் வேண்டும். எஞ்சின் ஆயில் குளிரில் கூழாகிவிடும். பம்ப்பின் அடிப்பாகத்தைக் கழற்றி வலையைக் கழுவுங்கள். நிரப்பும்போது தூக்கும் ராம் (எண்ணெய் அழுத்தத்தில் நீளும் தண்டு) முழுக்கக் கீழே இறங்கியிருக்க வேண்டும். மேலே நிற்கும்போது நிரப்பினால், இறங்கும்போது அதில் உள்ள எண்ணெயும் திரும்பி வந்து மூச்சுத் துளை வழியாக வெளியே கொட்டும்.

பிளேடு தரையில் இருக்கும்போது தூக்கும் செயின் தொய்வாக இருக்க வேண்டும். விறைப்பாக இருந்தால் பள்ளத்தில் பிளேடு இறங்காமல் பனியை விட்டுவிட்டுப் போகும். கவிழும் ஸ்பிரிங்கை, சுருள்களுக்கு நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். அதிகம் இறுக்கினால் கல்லில் இடிக்கும் அடி முழுவதும் சேசிஸுக்குப் போகும். அடி விளிம்புத் தகடு தேயத்தான் இருக்கிறது. அது தேய்ந்து, பிளேடின் உடல் தரையைத் தொடும்வரை விட்டால் செலவு பல மடங்கு.

மின்சாரம்

ப்ளோ மோட்டார் முழுப் பளுவில் 150 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். இந்த வண்டிகளோடு வந்த சாதாரண ஆல்டர்னேட்டர் பெரும்பாலும் 63 ஆம்பியருக்குள்தான். ஹீட்டர், விளக்கு, வைப்பர் எல்லாம் போட்டு ஓட்டினால் இரவு முடிவதற்குள் பேட்டரி படுத்துவிடும். 12எஸ்ஐ வகையில் 94 ஆம்பியர் உருப்படி பெரும் மாற்றமின்றி அதே இடத்தில் உட்காரும். பேட்டரி 650 சிசிஏவுக்கு (குளிரில் எஞ்சினைக் கிளப்பத் தரும் ஆம்பியர்) குறையாமல். எர்த் வயரை பேட்டரியிலிருந்து எஞ்சினுக்கு ஒன்று, சேசிஸுக்கு ஒன்று, பம்ப்புக்கே நேராக ஒன்று என்று மூன்றாகக் கொடுங்கள், தகட்டைப் பளபளவென்று தேய்த்துவிட்டு. தூக்கிய பிளேடு வண்டியின் ஹெட்லைட்டை மறைக்கும் என்பதால் மேலே தனி விளக்கு இருக்கும். அது எரிகிறதா, மாற்றும் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அக்டோபரிலேயே பாருங்கள்.

பளுவைச் சமன்செய்வது

பிளேடு, அதைத் தாங்கும் சட்டம், பம்ப் எல்லாம் சேர்ந்து 300 முதல் 400 கிலோ வரை வரும். அது முன் ஆக்சிலுக்கும் முன்னால் நீட்டிக்கொண்டு தொங்குவதால், பின் சக்கரங்களின் எடையையும் தூக்கிவிடுகிறது. பின்னால் பிடிப்பு போய்விடும், பிரேக் பிடித்தால் பின்பக்கம் சறுக்கும். தீர்வு மணல் மூட்டை. 27 கிலோ குழாய் வடிவ மூட்டைகள் வன்பொருள் கடையில் கிடைக்கும். 10 மூட்டையில் தொடங்குங்கள். பின் ஆக்சிலுக்கும் டெயில்கேட்டுக்கும் நடுவே வைத்தால்தான் பயன், கேபினை ஒட்டி வைத்தால் முன் ஆக்சிலுக்கும் பங்கு போய்விடும். குறுக்கே மரச்சட்டம் அடித்து நகராமல் கட்டுங்கள். மோதினால் அவிழ்ந்த மூட்டை கேபின் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வரும். பிறகு ஒருமுறை எடைமேடைக்குப் போய், பிளேடைத் தூக்கி, முன் ஆக்சிலை மட்டும் நிறுத்தி எடை பாருங்கள். கதவோர ஸ்டிக்கரில் உள்ள முன் ஆக்சில் அளவைத் தாண்டினால் சிறிய பிளேடு அல்லது கனமான ஸ்பிரிங், இரண்டில் ஒன்று தேவை.

டயர் அகலமாக இருந்தால் நல்லது என்பது தவறான எண்ணம். குறுகிய, உயர்ந்த 235/85 ஆர்16 பனியை வெட்டிக்கொண்டு அடித்தரையைப் பிடிக்கும்.

தள்ளும் முறை

பனி விழுவதற்கு முன்பே, தரை உறைவதற்குள், டிரைவ்வேயின் ஓரங்களிலும் கிணற்று மூடி, செப்டிக் மூடி, கல்தொட்டி இருக்கும் இடங்களிலும் குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். பத்து சென்டிமீட்டர் பனி விழுந்தால் உங்கள் வீட்டுத் தோட்டமே உங்களுக்குத் தெரியாது.

அதிகம் விழும்வரை காத்திருக்காமல் 10, 15 சென்டிமீட்டருக்கு ஒருமுறை தள்ளுங்கள். கார் கதவின் அருகே முன்பக்கமாகத் தள்ள இடமிருக்காது. அங்கே பிளேடைத் தூக்கிக் கதவு வரை போய், இறக்கி, பின்னால் இழுத்து வாருங்கள். பிறகு திரும்பி அந்தக் குவியலைத் தள்ளுங்கள். தள்ளும்போது சுவிட்ச் ஃப்ளோட்டில் இருக்கட்டும், பிளேடு தன் எடையில் தரையைத் தொடர வேண்டும். ஜல்லிப் பாதையில் தரை உறையும்வரை அடியில் உள்ள ஷூக்களை (பிளேடைத் தாங்கும் பாதங்கள்) இறக்கி, விளிம்பு 2 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும்படி வையுங்கள். இல்லாவிட்டால் ஏப்ரலில் புல்வெளியில் ஜல்லி பொறுக்குவீர்கள்.

முதல் பனியிலேயே ஓரக் குவியலை எவ்வளவு தூரம் தள்ள முடியுமோ அவ்வளவு தூரம் தள்ளிவிடுங்கள். அது உறைந்து கல்லானபின் ஜனவரியில் நகராது, ஒவ்வொரு பனிக்கும் பாதை குறுகிக்கொண்டே வரும். ஆழமான பனியில் பிளேடின் முழு அகலத்தையும் உபயோகிக்காமல் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் கடிக்கவிடுங்கள்.

வேகம் 15 கிலோமீட்டர் போதும். 20ஐத் தாண்டிக் கல்லில் இடித்தால் ஸ்பிரிங் கவிழ நேரமிருக்காது. பிளேடு ஒரு பக்கம் திரும்பியிருக்கும்போது நடைபாதை விளிம்பில் இடிப்பது அதைவிட மோசம், அடி ஒரே ராமில் விழும். ஆட்டோமேட்டிக்கில் வண்டி முழுக்க நின்றபிறகே முன்னுக்கும் பின்னுக்கும் மாற்றுங்கள். ஓடும்போதே மாற்றும் பழக்கம்தான் டிஹெச்400ஐயும் கொன்றுவிடும். கனமான பனிக்கு லோ ரேஞ்ச் போட்டால் டார்க் கன்வெர்ட்டர் சூடு குறையும். ரேடியேட்டருக்கு முன்னால் தனி டிரான்ஸ்மிஷன் கூலர் இல்லாத ப்ளோ வண்டி இருக்கவே கூடாது.

ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி வைத்துக்கொண்டு ரிவர்ஸில் ஆக்சிலரேட்டரை அழுத்துவதுதான் முன் ஆக்சில் ஜாயின்ட் உடையும் வழி. அந்தக் கோணத்தில் கிராஸின் காதுகளில் பளு முழுதும் ஏறுகிறது. சக்கரம் சுற்றிக்கொண்டிருந்து திடீரெனப் பிடிப்புக் கிடைத்தால் முறிந்துவிடும். சிக்கிக்கொண்டால் ஸ்டியரிங்கை நேராக்கி, பிளேடைத் தூக்கி, மெல்ல வெளியே வாருங்கள்.

நெடுஞ்சாலையில் 65 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். வெப்ப முள் ஏறினால் பயப்படாதீர்கள், தூக்கிய பிளேடு ரேடியேட்டருக்குப் போகும் காற்றை மறைக்கிறது. பிளேடைக் கொஞ்சம் தாழ்த்தி, ஒரு பக்கம் முழுக்கத் திருப்பினால் முள் இறங்கும்.

நிறுத்தும்போது பிளேடை மரப்பலகையின்மேல் இறக்குங்கள், ஈரத் தரையில் வைத்தால் ஒட்டி உறையும். ஹேண்ட் பிரேக் போடாதீர்கள். துருவேறிய கேபிளுக்குள் தண்ணீர் உறைந்து பின் சக்கரம் பிடித்துக்கொள்ளும். கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

கேபினில் எப்போதும் இருக்கட்டும்: ஒரு லிட்டர் ஹைட்ராலிக் எண்ணெய், திருப்பும் ராமின் ஹோஸ் ஒன்று, ஒரு காயில், ஒரு மோட்டார் சொலினாய்டு, ப்ளோவை மாட்டும் இரும்பு முளையும் அதன் காட்டர் பின்னும், இழுக்கும் செயின், மண்வெட்டி.

உப்புக்கு எதிராக

சாலையில் தெளிக்கும் மெக்னீசியம் குளோரைடு காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும், அதனால் மழையில்லாத நாளிலும் இரும்பு நனைந்தே இருக்கும். உப்புச் சேறோடு வண்டியைச் சூடான காரேஜில் விடாதீர்கள். வெளியே மைனஸில் நிற்பதைவிட உள்ளே வேகமாகத் துருவேறும். வெயில் வந்து பூஜ்ஜியத்துக்கு மேலே ஏறும் நாளில் அடியைக் கழுவுங்கள், சேசிஸின் உட்புறத்தையும் சேர்த்து.

செப்டம்பரில் கழுவிக் காயவைத்து, லனோலின் வகை எண்ணெயைச் சேசிஸின் துளைகளுக்குள் நீண்ட குழாய் விட்டு அடியுங்கள். ரப்பர் கோட்டிங் வேண்டவே வேண்டாம். அதில் ஒரு கீறல் விழுந்தால் உப்புநீர் உள்ளே போய்த் தங்கி, வெளியே தெரியாமல் தின்னும். பிரேக் டிஸ்க், டிரம், சைலன்சர் மீது எண்ணெய் படக் கூடாது.

ஏப்ரலில் ப்ளோவைக் கழற்றிவிடுங்கள், கோடையெல்லாம் 300 கிலோவை முன் ஸ்பிரிங் சுமக்க வேண்டியதில்லை. ராம்களை முழுக்க உள்ளே தள்ளி, வெளியே தெரியும் பளபளப்பான பகுதிக்குக் கிரீஸ் பூசுங்கள். பின்களைக் கழற்றித் துடைத்துக் கிரீஸ் வைத்து மாட்டுங்கள். பிளக்குகளில் மின்கிரீஸ் நிரப்பி உறையிடுங்கள். கார்புரேட்டரில் பழைய பெட்ரோல் பிசினாகும் என்பதால் ஸ்டெபிலைசர் ஊற்றி 10 நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். வேண்டிய விளிம்புத் தகடு, ஹோஸ், காயில் எல்லாவற்றையும் ஜூலையில் வாங்கிவிடுவது நல்லது. நவம்பரில் முதல் பனி விழும் வாரத்தில் ஊரில் உள்ள அத்தனை ப்ளோக்காரர்களும் அதே கவுன்டரில்தான் நிற்பார்கள்.